பழைய ஹார்ப்சிகார்டுக்குப் புதுத் தந்தி போட்டால் போதுமா?

பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டு ஒன்று, 300 வருடம் பழையது, அதற்குப் புதுத் தந்தி மாட்டினால் மறுபடி வாசிக்கலாம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வாசிக்கலாம். ஆனால் அதற்கு ஆபத்தே தந்தியால்தான். இன்றைய பியானோவில் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 20 டன். வார்ப்பிரும்புச் சட்டம் அதைத் தாங்குகிறது. பழைய ஹார்ப்சிகார்டில் எல்லாமே மரம். தடித்த எஃகுத் தந்தியை ஏற்றினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், ஒலிப்பலகை விரிசல் விடும். அதனால் மென்மையான இரும்பு, பித்தளைத் தந்திகளைப் போட்டு, சுருதியையும் இறக்கி வைப்பார்கள். சுருதி சேர்க்க அடிப்படையாக வைக்கும் A ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 415 என்பது இன்று பழகிப்போன கணக்கு.

நிஜமான நுணுக்கம் இறகில் இருக்கிறது. விசைக் கட்டையை அழுத்தியதும் ஒரு மெல்லிய மரத்துண்டு எழும்பும். அதில் செருகிய பறவை இறகின் தண்டு தந்தியைச் சுண்டும். அந்தத் தண்டைக் கத்தியால் மயிரிழை அளவு சீவினாலே தொனி மாறிவிடும். கூடுதலாகச் சீவிவிட்டால்? சரி, வேறு இறகு எடுக்க வேண்டியதுதான்.

பியானோ பழகிய கைக்கு இது கொஞ்சம் எரிச்சலூட்டும். ஓங்கி அடித்தாலும் சத்தம் அதிகமாகாது. ஒரு ஸ்வரத்தை எடுத்துக்காட்ட, முந்தையதைச் சற்று முன்னதாகவே விட்டுவிட்டு நூலளவு இடைவெளி தர வேண்டும்.

அப்புறம், எந்தக் காலத்து நிலைக்கு மீட்பது? பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ரூக்கர்ஸ் என்ற ஹார்ப்சிகார்டு தயாரிப்பாளர் குடும்பம் செய்த வாத்தியங்களை 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் தச்சர்கள் அகலப்படுத்திக் கட்டைகளைக் கூட்டினார்கள். பின்னால் சேர்த்த அந்தப் பகுதிகளையும் பிரித்தெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. சில அருங்காட்சியகங்கள் மூலத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, நகல் செய்து வாசிக்கக் கொடுக்கின்றன.