நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வழக்கறிஞராகப் பதிவுசெய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கோவையில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் மூத்த வழக்கறிஞர் ஒருவர் தம் அலுவலகத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறார். அவர் நிர்வாகங்களுக்காக மட்டுமே வழக்காடுபவர். என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். வேலைநீக்கம் செய்யப்பட்டு ஒன்பது ஆண்டுகள் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அலைந்தவர். அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “போய்ச் சேர்ந்துக்கோ, ஆனா சும்மா வாய்தா மட்டும் வாங்காதே” என்றார். நீங்கள் அந்தத் தரப்பில் நீண்டகாலம் நின்றவர். தொழிலாளியை எதிர்த்து வழக்காடுவதை மனசாட்சிக்கு விரோதமில்லாத வாழ்க்கைத்தொழிலாகக் கொள்ள முடியுமா?

க., கோவை

அன்புள்ள க.,

முடியும் என்பதே என் பதில். ஆனால் உங்கள் தந்தை விதித்த நிபந்தனையோடுதான் முடியும். அதைச் சொல்லும் தகுதி ஒன்பது ஆண்டுகள் அந்த வராந்தாவில் நின்றவருக்கு இருக்கிறது; எனவே இந்தப் பதில் பெரும்பாலும் அந்த நிபந்தனையைப் பற்றியே இருக்கும்.

முதலில், நீங்கள் நுழையவிருக்கும் துறை வழக்கறிஞர்களை எப்போதும் ஓர் ஐயத்தோடு பார்த்துவந்த துறை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 36ஆம் பிரிவைப் படியுங்கள். சமரச அதிகாரியின் முன் வழக்கறிஞருக்கு இடமே இல்லை. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வழக்கறிஞர் எழுந்து நிற்கலாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி நமக்கு எங்கும் வாதாடும் உரிமை உண்டே என்ற வாதத்தை 1976இல் பாரதீப் துறைமுகப் பொறுப்புக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நடைமுறையில் இன்று இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்வதால் சம்மதம் தானாகவே கிடைத்துவிடுகிறது. ஆயினும் அந்தப் பிரிவு ஏன் எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. பணம் உள்ள தரப்பு திறமையை விலைக்கு வாங்கி, எளிய தகராறு ஒன்றை நுணுக்கங்களில் சிக்கவைத்து, எதிராளியைக் களைக்கச் செய்துவிடும் என்ற அச்சமே அதன் காரணம். அந்த அச்சம் கற்பனையானது அல்ல.

சென்னையின் தொழிலாளர் வரலாற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1920-21இல் பின்னி நிறுவனத்தின் ஆலைத் தகராறு முற்றியபோது நிர்வாகம் உயர் நீதிமன்றம் சென்று, சங்கத் தலைவர் பி.பி. வாடியா உள்ளிட்டோர் மீது தடையாணை பெற்றது. அன்றைய சட்டப்படி அது நிர்வாக வழக்கறிஞர்களுக்கு முழுமையான வெற்றி. தொழிலாளரைச் சங்கத்தில் திரட்டுவதே நிறுவனத்துக்கு இழைத்த தீங்காகக் கருதப்படக்கூடும் என்ற நிலையை அது காட்டிவிட்டதால், அதை மாற்றக் கோரிய முயற்சிகள் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தன. பதிவுபெற்ற சங்கத்துக்கு உரிமையியல் வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் கிடைத்தது. நீதிமன்றத்தில் நாம் பெறும் வெற்றி எல்லாம் வெற்றியாகவே நிலைப்பதில்லை.

நிர்வாகத்துக்கும் வழக்கறிஞர் தேவை என்பதை நான் நீட்டிப் பேச வேண்டியதில்லை. மேற்பார்வையாளரைத் தாக்கியவரும் கணக்கில் கைவைத்தவரும் வேலைநீக்கத்தை எதிர்த்து வருவதுண்டு. கணபதியிலோ பீளமேட்டிலோ இருபது பேரை வைத்து வார்ப்பாலை நடத்தும் ஒருவர், தம் மேல் வந்த கோரிக்கை மனுவைப் புரிந்துகொள்ளவே இன்னொருவரை நாட வேண்டியிருக்கிறது. அவருக்கும் நியாயம் வேண்டும். இதில் உங்களுக்கு ஐயம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஐயம் இருக்க வேண்டிய இடம் வேறு. தொழிலாளர் வழக்கில் இரு தரப்புக்கும் சட்டம் ஒன்று, சாட்சிய விதிகள் ஒன்று. ஆனால் காலம் ஒன்றல்ல. வேலை இழந்தவருக்கு ஒவ்வொரு மாதமும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் வந்துகொண்டே இருக்கும். நிர்வாகத்துக்கு அந்த வழக்கு அலமாரியில் இருக்கும் ஒரு கோப்பு. ஆகவே எதுவும் செய்யாமல் இருப்பதே நிர்வாகத் தரப்பின் மிக வலிய ஆயுதம். அதை எடுப்பதற்குச் சட்ட அறிவுகூடத் தேவையில்லை. பதிலுரை தாக்கல் செய்ய ஒரு வாய்தா, ஆவணம் தேட ஒரு வாய்தா, நிர்வாகச் சாட்சி வெளியூர் சென்றிருப்பதால் ஒரு வாய்தா என்று ஓராண்டைக் கடத்திவிடலாம்.

தனித் தொழிலாளி ஒருவரைப் பற்றிய தகராறை அரசு தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பும்போது அதை முடிக்கக் கொடுக்கும் கெடு மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(2அ) பிரிவு சொன்னது. அந்த மூன்று மாதம் உங்கள் தந்தைக்கு ஒன்பது ஆண்டுகளாக நீண்டதற்கு நீதிமன்றங்களின் சுமை ஒரு காரணம். நம் தரப்பு கற்றுக்கொண்ட உத்திகள் இன்னொரு காரணம். இவர் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார், இது ‘தொழில்’ ஆகாது, அரசு அனுப்பிய பரிந்துரையே செல்லாது என்று பூர்வாங்க ஆட்சேபம் எழுப்பி, அதை மட்டும் முதலில் முடிவுசெய்யச் சொல்லி, அந்த முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் என்று ஏறிவிட்டால், வேலைநீக்கம் சரியா தவறா என்ற கேள்வியை யாரும் தொடாமலே பத்தாண்டு போய்விடும். 1983இல் டி.பி. மகேஸ்வரி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி இந்தப் போக்கைக் கடுமையாகக் கண்டித்து, தொழிலாளர் நீதிமன்றங்கள் எல்லாப் பிரச்சினைகளையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்றார். நிர்வாகத் தரப்பில் நிற்கும் ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பைத் தொழிலின் தொடக்கத்திலேயே படிக்க வேண்டும். அது நம்மைப் பற்றி எழுதப்பட்டது.

நாடாளுமன்றமும் இதைக் கவனித்தது. மீண்டும் வேலை கொடுக்கும்படி தீர்ப்பு வந்த பிறகு நிர்வாகம் மேல் நீதிமன்றம் சென்றால், தொழிலாளி வேறு வேலையில் இல்லாதவரை, கடைசியாக வாங்கிய சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவர வேண்டும் என்று 17ஆ பிரிவு சேர்க்கப்பட்டது. தவறான வேலைநீக்கம் என்று முடிவானால் பின்சம்பளம், அதாவது வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம், கொடுப்பதே பொதுவிதி என்பதை 2013இல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது; வழக்கு நீண்டுவிட்டது என்பதற்காகத் தொழிலாளியின் பின்சம்பளத்தைக் குறைப்பது சரியல்ல என்றும் அதில் கூறப்பட்டது. ஆகவே இழுத்தடிப்பது அறமற்றது என்பதோடு, பல நேரங்களில் கட்சிக்காரருக்கே பெருஞ்செலவு வைப்பது. இதை அவர்களிடம் ரூபாய்க் கணக்காகவே எழுதிக் காட்டுங்கள். அறத்தைச் சொன்னால் கேட்காத நிர்வாகமும் அந்தக் கணக்கைக் கேட்கும்.

இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் பகுதி நீதிமன்றத்துக்கு வெளியே நடப்பது. ஓர் ஆலையின் மனிதவள அதிகாரி காலையில் தொலைபேசியில் அழைத்து, ‘ஒருவரை உடனே வெளியே அனுப்ப வேண்டும், என்ன செய்யலாம்’ என்று கேட்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு குடும்பத்தின் அடுத்த பல ஆண்டுகள் முடிவாகின்றன. அந்த இடத்தில் தொழிலாளியின் வழக்கறிஞர் இல்லை, சங்கம் இல்லை, நீதிபதி இல்லை. நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தெளிவாக எழுதப்பட வேண்டும். விளக்கம் தர நாள் கொடுக்க வேண்டும். உள்விசாரணையை நடத்துபவர் குற்றம் சாட்டியவராக இருக்கக் கூடாது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருந்தால் 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி பிழைப்பூதியம் தர வேண்டும்: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். வேறொரு தகராறு நிலுவையில் இருக்கும்போது வேலைநீக்கம் செய்தால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து ஒப்புதல் கோர வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்த வேலைநீக்கமே இல்லாததாகிவிடும் என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இவற்றைச் சொல்வது தொழிலாளிக்குச் செய்யும் சலுகை அல்ல. கட்சிக்காரர் நேர்மையற்ற வழிகளில் இறங்காமல் தடுக்க இயன்றவரை முயல வேண்டும் என்பது வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளிலேயே உள்ள கடமை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு நூற்பாலையில், தொடர்ந்து எட்டு நாளுக்கு மேல் வராததால் தாமாகவே வேலையை விட்டுவிட்டார் என்று ஆலையின் பணிவிதிகளான நிலையாணையைக் காட்டி ஒருவரின் பெயரை நீக்கிவிட்டார்கள். விசாரணை எதுவும் நடத்தவில்லை. டி.கே. யாதவ் வழக்கில் 1993இலேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தது. பதிலுரை எழுதுவதற்கு முன்பே, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, வராத நாட்களுக்கு வேண்டுமானால் முறைப்படி விசாரணை வையுங்கள் என்று எழுத்தில் கருத்துக் கொடுத்தேன். நிர்வாகம் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் சென்றது. அதற்குப் பிறகும் எனக்கு வேலை குறையவில்லை. சொல்லப்போனால், எழுத்தில் உண்மையைச் சொல்பவர் என்பதற்காகவே தேடி வந்த நிர்வாகங்கள் உண்டு. இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கட்சிக்காரர் போய்விடுவாரோ என்ற பயமே இளம் வழக்கறிஞர்களை மௌனமாக்குகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சமரச ஒப்பந்தங்களைப் பற்றியும் ஒரு சொல். பணமில்லாமல் தவிக்கும் ஒருவரிடம் முழுத் தீர்வாக ஒரு சிறு தொகையை நீட்டி, சமரச அதிகாரி இல்லாமல் இரு தரப்பும் நேரடியாகச் செய்துகொள்ளும் 18(1) ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது எளிது. அவருடைய பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, பின்சம்பளம் இவற்றைத் தனித்தனியாக எழுதி, தமிழில் படித்துக்காட்டி, அவருடைய வழக்கறிஞரோ சங்கத்தினரோ அருகில் இருக்கும்போது கையெழுத்து வாங்குங்கள். அப்படி முடிந்த வழக்குகள் திரும்பி வருவதில்லை.

2025 நவம்பர் 21 முதல் அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருப்பதால், நான் மேலே சொன்ன அதன் பிரிவு எண்கள் மாறிவிட்டன. சில மாற்றங்கள் தொழிலாளிக்கு மேலும் நெருக்கடி தருபவை. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயம் செல்ல முன்பு மூன்று ஆண்டு இருந்தது, இப்போது இரண்டு. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு நூறு தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கு இருந்தது, இப்போது முந்நூறு பேர் இருந்தால்தான். சட்டத்தின் காவல் தளரும் இடங்களில் நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்பவரின் பொறுப்பு கூடுகிறது என்றே நான் நம்புகிறேன்.

அந்த அலுவலகத்தில் சேருவதற்கு முன் இரண்டு செய்திகளை விசாரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அந்த மூத்த வழக்கறிஞர் கட்டணத்தை வழக்குக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா. இரண்டாவது, அவரை எவ்வளவு நம்பலாம் என்பது; இதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களிடமே போய்க் கேளுங்கள்: ஆவணம் காட்டச் சொன்னால் இவர் காட்டுவாரா, நிர்வாகச் சாட்சியைக் குறித்த நாளில் கூண்டில் ஏற்றுவாரா என்று. கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொழிலாளர் தரப்பில் நிற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும், மறைக்காமல் சொல்வார்கள். அவர்கள் சொல்வது நல்லதாக இருந்தால் தயங்காமல் சேருங்கள்.

அன்புடன்.