கேள்வி-பதில்: கோர்ட் சம்மன், பழைய ஃப்ரிட்ஜ், படிவத்துக்கு 150 பவுண்ட்

விலைவாசியில் திணறும் வீடுகளிலிருந்துதான் இந்த முறை கடிதங்கள் அதிகம். பதில்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சில திட்டங்களின் பெயரும் விதியும் வேறு.

கே: கணவருக்கு வேலை போய்விட்டது. கவுன்சில் டாக்ஸில் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) இரண்டு தவணை கட்டவில்லை. வந்த கடிதத்தைப் பயத்தில் பிரிக்காமல் வைத்துவிட்டேன். இப்போது கோர்ட் சம்மன் வந்திருக்கிறது, வருடத்தின் மிச்சம் முழுவதையும் கட்டச் சொல்கிறார்கள். பெய்லிஃப் (கடன் வசூலிக்க வரும் அதிகாரி) வந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு போவாரா? (ஹாரோ)

ப: இன்றைக்கே கவுன்சிலின் வரிப் பிரிவுக்கு ஃபோன் போடுங்கள். சம்மனில் உள்ள தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும், ஏழு நாள் தருவார்கள். அதிலும் கட்டாவிட்டால், இன்னொரு ஏழு நாளில் தவணையாகக் கட்டும் உரிமையே போய்விடும். வருடத்தின் மிச்சம் முழுவதும் ஒரே கடனாகிவிடும். நீங்கள் பிரிக்காமல் வைத்த கடிதம் அந்த நினைவூட்டல்தான். அடுத்த படி மாஜிஸ்திரேட் கோர்ட் தரும் லயபிலிட்டி ஆர்டர், அதாவது கடனை வசூலிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் தரும் உத்தரவு. அது கிடைத்த பிறகுதான் கவுன்சில் பெய்லிஃபிடம் போக முடியும்.

ஃபோனில் மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான வரிக் குறைப்பு. யுனிவர்சல் கிரெடிட்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை) எழுதிப்போட்டால் இதுவும் சேர்ந்து வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது, கவுன்சிலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேலை போன நாளிலிருந்து கணக்கிட முடியுமா என்றும் கேளுங்கள். வேலை செய்யும் வயதினருக்கான விதியை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுக்கிறது என்பதால், பக்கத்து ஊர்த் தோழிக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, 1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவில் வரும் கஷ்டகாலக் குறைப்பு. கவுன்சில் நினைத்தால் பாக்கியையே குறைக்கலாம். இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது, உங்களால் உண்மையிலேயே கட்டக்கூடிய மாதத் தொகை. வாடகை, சாப்பாடு, மின்சாரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பெரிய தொகைக்கு ஒப்புக்கொண்டு அடுத்த மாதமே தவறினால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

மற்றக் கடன்களும் இருந்தால், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ ஸ்டெப்சேஞ்சிலோ 'பிரீதிங் ஸ்பேஸ்' என்ற கடன் அவகாசம் கேளுங்கள். அதில் சேரும் கடன்களுக்காக 60 நாள் யாரும் துரத்த முடியாது.

பெய்லிஃப் விஷயம்: வருவதற்கு முன் ஏழு முழு நாள் நோட்டீஸ் தர வேண்டும். 2014 விதிகளின்படி கோப்பு கைக்கு வந்ததும் ஒரு கட்டணம், வாசலுக்கு வந்தால் அதைவிடப் பெரிய இன்னொரு கட்டணம் உங்கள் கடனில் ஏறும். கவுன்சில் டாக்ஸுக்காக முதல் முறை வருபவர் கதவை உடைக்க முடியாது. திறக்காதீர்கள், தபால் துவாரம் வழியாகப் பேசுங்கள். ஒருமுறை உள்ளே விட்டு, சாமான் பட்டியலில் கையெழுத்தும் போட்டுவிட்டால் அடுத்த முறை பலவந்தமாக நுழையும் அதிகாரம் வந்துவிடும். குக்கர், ஃப்ரிட்ஜ், சலவை மெஷின், கட்டில் ஆகியவற்றை எடுக்கக் கூடாது. வாசலில் நிற்கும் கார் அப்படியல்ல.

கே: 'கவுன்சிலின் விலைவாசி உதவி 300 பவுண்ட், இந்த லிங்கில் வங்கி விவரம் கொடுக்கவும்' என்று மெசேஜ் வந்தது. கொடுக்கலாமா? (மில்டன் கீன்ஸ்)

ப: கூடாது. மோசடி மெசேஜ்களைப் புகார் செய்யும் 7726 எண்ணுக்கு அனுப்பிவிட்டு அழியுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்த நிமிடமே 159க்கு அடித்து உங்கள் வங்கியுடன் பேசுங்கள்.

கே: கடையில் 90 பவுண்டுக்குப் பழைய ஃப்ரிட்ஜ் வாங்கினேன். மூன்றாம் வாரம் குளிர்வது நின்றுவிட்டது. 'செகண்ட் ஹேண்டுக்குக் கேரண்டி இல்லை' என்கிறார் கடைக்காரர். பிள்ளையின் மருந்தும் அதில்தான் இருக்கிறது. (ஈஸ்ட் ஹாம்)

ப: கடைக்காரர் சொல்வது தவறு. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். பழசுக்கு ஏற்ற கீறல், தேய்மானம் இருக்கலாம், ஆனால் குளிராத ஃப்ரிட்ஜை விற்க முடியாது. 30 நாளுக்குள் என்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். உங்களுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. வாயால் கேட்காமல் மெசேஜிலோ ஈமெயிலிலோ தேதியோடு எழுதுங்கள்: 'வாங்கிய நாள் இது, கோளாறு இது, பொருளை நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்.' மசியாவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் எண் 0808 223 1133. நான் வாங்கிய பழைய சலவை மெஷினும் சில வாரங்களிலேயே படுத்துவிட்டது. கையில் ரசீது இருந்ததால்தான் பணம் திரும்பியது.

இன்னொன்று. கஷ்டப்படும் வீடுகளுக்கு 2021 அக்டோபரிலிருந்து கவுன்சில்கள் வழியாக வந்த ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட் 2026 மார்ச்சோடு முடிய, ஏப்ரலிலிருந்து க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ், குக்கர் போன்றவற்றுக்கு உங்கள் கவுன்சில் அதிலிருந்து உதவுகிறதா என்று கேளுங்கள், பிள்ளையின் மருந்து விஷயத்தையும் மறக்காமல் எழுதுங்கள். வாங்கி முடித்த பொருளுக்குப் பணம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அடுத்த ஃப்ரிட்ஜை வாங்கும் முன் விண்ணப்பியுங்கள்.

கே: அம்மா தனியாக இருக்கிறார், பிரிட்டிஷ் பிரஜை, பென்ஷன் மிகக் குறைவு. பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி) படிவம் நிரப்ப நம்மவர் ஒருவர் 150 பவுண்டும், வரும் பாக்கிப் பணத்தில் பாதியும் கேட்கிறார். நியாயமா? (டூட்டிங்)

ப: நியாயமே இல்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை வைத்து அந்த மனிதர் பிழைக்கிறார்.

பென்ஷன் கிரெடிட்டுக்குப் படிவமே தேவையில்லை. 0800 99 1234க்கு அடித்தால் அவர்களே கேள்வி கேட்டு நிரப்பிக்கொள்வார்கள். அழைப்பு இலவசம். 'தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும்' என்று சொன்னால் அதற்கும் காசு இல்லை. தேசியக் காப்பீட்டு எண், வங்கி விவரம், வருமானம், சேமிப்பு, வாடகை இவை பக்கத்தில் இருந்தால் போதும். பின்தேதியிட்டு மூன்று மாதம் வரை கேட்கலாம். 'பாக்கிப் பணத்தில் பாதி' என்று அவர் கண் வைத்திருப்பது இந்த மூன்று மாதக் காசில்தான்.

அம்மாவின் வங்கி விவரமும் பிறந்த தேதியும் காப்பீட்டு எண்ணும் இப்படிப்பட்டவர் கையில் போவது பணத்தைவிடப் பெரிய ஆபத்து. படிவத்தில் அவர் பொய் எழுதினாலும், அதிகமாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வருவது அம்மாவின் பெயருக்குத்தான். கவுன்சில் டாக்ஸ் பேண்டை (வரி எவ்வளவு என்று தீர்மானிக்கும் பிரிவு) குறைத்துத் தருகிறோம் என்று பங்கு கேட்கும் ஆட்களும் இதே ரகம். அந்த விண்ணப்பமும் இலவசம், அதோடு பேண்ட் குறைவதற்குப் பதில் ஏறவும் கூடும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பென்ஷன் கிரெடிட் சின்னத் தொகையாக வந்தாலும் விடாதீர்கள். அதை வைத்து 150 பவுண்ட் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் (மின்கட்டணத் தள்ளுபடி) கிடைக்கும், 75 வயதானால் டிவி லைசன்ஸ் இலவசம். அதில் 'கேரண்டி' பகுதி (வருமானத்தைக் குறைந்தபட்ச அளவுக்கு நிரப்பித் தருவது) வந்தால், தனியாக இருப்பவருக்குக் கவுன்சில் டாக்ஸ் முழுவதுமே போகலாம்.

கே: வாரத் தவணையில் பெரிய டிவி எடுத்தேன், ஹயர் பர்ச்சேஸ். இப்போது வாடகைக்கே காசில்லை. கவுன்சில் கட்டுமா? (க்ராய்டன்)

ப: டிவிக்குக் கட்டாது. ஒப்பந்தத்தில் 'மொத்தம் செலுத்த வேண்டியது' என்ற வரியைக் கையெழுத்துக்கு முன் படித்திருக்க வேண்டும். அந்த மொத்தத்தில் பாதி கட்டியாகிவிட்டதா? ஆகியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டப்படி டிவியைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துவிடலாம், எழுத்தில் அறிவியுங்கள். வாடகை பாக்கி விழுமுன் கவுன்சிலின் வீட்டுப் பிரிவிடம் பேசுங்கள்.

கே: வேலை விசாவில் இருக்கிறோம், அரசு உதவி பெறக் கூடாது என்று போட்டிருக்கிறது. ஃபுட் பேங்க் (இலவசமாக உணவு தரும் இடம்) போனால் விசா போய்விடுமா? மனிசி போக விடமாட்டேன் என்கிறா. (ஈஸ்ட் ஹாம்)

ப: போகாது. ஃபுட் பேங்க் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (உங்கள் விசா தடுக்கும் அரசு உதவிகள்) கணக்கில் வராது, மனிசிக்கு இதைக் காட்டுங்கள். வீட்டில் வயதுவந்தவர் ஒருவரே என்றால் கிடைக்கும் 25 சதவீத கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடியும் அந்தக் கணக்கில் இல்லை. யுனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன் மூன்றும் அதில் உண்டு, தொடாதீர்கள். கவுன்சிலின் நெருக்கடி நிதிக்கு (மேலே சொன்ன க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட்) எழுதும் முன் தகுதி பெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் கேளுங்கள். பிள்ளைகள் பட்டினி கிடக்கும் நிலை வந்தால் 1989 சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கவுன்சிலின் சிறுவர் நலப் பிரிவு உதவலாம், அதுவும் விசாவைப் பாதிக்காது.

கே: கேஸ் மீட்டரில் 20 பவுண்ட் போட்டால் பாதிதான் ஏறுகிறது. கோடையில் கேஸ் பாவிக்கவே இல்லை. (லெஸ்டர்)

ப: பாவிக்காவிட்டாலும் ஸ்டாண்டிங் சார்ஜ் தினமும் ஏறும். கோடை முழுவதும் சேர்ந்ததை முதல் டாப்-அப்பில் பிடிக்கிறது. பழைய கடன் இருந்தால் அதுவும் அதிலேயே போகும். கம்பெனிக்கு அடித்து, பிடிக்கும் தொகையை உங்கள் வருமானத்துக்கு ஏற்பக் குறைக்கச் சொல்லுங்கள், குறைக்க வேண்டியது அவர்கள் கடமை. வரும் கோடையில் வாரம் இரண்டு மூன்று பவுண்டாவது போட்டு வையுங்கள். இன்று மீட்டர் நின்றுவிட்டால், ஃபியூவல் வவுச்சர் (மீட்டரில் போடக் கொடுக்கும் கூப்பன்) இருக்கிறதா என்று சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ ஃபுட் பேங்கிடமோ கேளுங்கள்.