இமாச்சலம் எதை வைத்துப் பிழைக்கிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சிம்லா, சோலன் பக்கம் ஒன்பது வருடம் வங்கியில் விவசாயக் கடன் பார்த்தவன் நான். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, மாத்திரை அட்டையைத் திருப்பினால் 'பத்தி, சோலன் மாவட்டம்' என்றுதான் அடிக்கடி வருகிறது. மலையில் எதற்கு மருந்துக் கம்பெனி?

தம்பி, பத்தி மலைமேல் இல்லை. ஹரியானா எல்லையோரம், அடிவாரத்தில் இருக்கிறது. 2003-இல் மத்திய அரசு இமாச்சலத்தின் புதிய ஆலைகளுக்குக் கலால் வரியைப் பத்து ஆண்டுக்குத் தள்ளுபடி செய்தது. மாத்திரைக்கு எடை குறைவு, விலை அதிகம். எவ்வளவு தூரம் அனுப்பினாலும் லாரி வாடகை கட்டுப்படியாகும். பத்தி, பரோட்டிவாலா, நாலாகட் என்று ஆலைகள் வரிசையாக முளைத்தன. சலுகைக் காலம் முடிந்தும் அவற்றில் பெரும்பாலானவை இடம்பெயரவில்லை.

மணாலியில் கொஞ்சம் நிலம் வாங்கி ஹோம்ஸ்டே நடத்தலாமா சார்?

சுலபமில்லை. 1972-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் 118-ஆவது பிரிவுப்படி, அந்த மாநிலத்து விவசாயி அல்லாதவர் அரசின் அனுமதியின்றி நிலம் வாங்க முடியாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவரானாலும், விவசாயக் குடும்பம் இல்லையென்றால் இதே கதிதான். இந்தச் சட்டம் இல்லாதிருந்தால் ஆப்பிள் தோட்டமெல்லாம் என்றோ டெல்லிக்காரர் கைக்குப் போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவு நீர்மின்சாரம் இருக்கிறதே, பணக்கார மாநிலமாகத்தானே இருக்க வேண்டும்?

சட்லஜ் நதியில் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம் மட்டும் 1500 மெகாவாட். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் மாநிலத்துக்கு இலவசமாகக் கிடைப்பது பொதுவாக 12 சதவீத மின்சாரம். இழந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்ரா அணைக்காகப் பழைய பிலாஸ்பூர் ஊரே கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கியது. பியாஸ் நதியில் போங் அணை கட்டியபோது வெளியேறியவர்களுக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில் நிலம் தருவதாகச் சொன்னார்கள். அதற்காக இன்றும் அலைகிற குடும்பங்கள் உண்டு. இதைச் சொல்லாமல் மெகாவாட் கணக்கு மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆப்பிளுக்கு இன்னும் எத்தனை காலம், ஐயா?

1916-இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கோட்கட் பகுதியில் டெலிஷியஸ் ரகத்தை நட்டார். (பின்னாளில் அவர் சத்யானந்த் ஆனார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார்.) அந்த ரகத்துக்குக் குளிர்காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரமாவது 7 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். இல்லாவிட்டால் பூ ஒரே சீராக வராது, காய் பிடிக்காது. பனி குறையக் குறையத் தோட்டங்கள் மேலே மேலே ஏறுகின்றன. குல்லுவின் தாழ்வான பகுதிகளில் பலர் மாதுளைக்கு மாறிவிட்டார்கள். ஆலங்கட்டி மழைக்கு வலை கட்டும் செலவு தனி.

ஆப்பிள் விற்கும் மண்டியில் வேறொரு வேதனை இருந்தது. விலை பேசுவது பெட்டிக்கு. வியாபாரிகள் திணிக்கச் சொன்னதோ 30 கிலோ வரை. 2024-இல்தான் சுமார் 20 கிலோ மட்டுமே பிடிக்கும் ஒரே அளவுப் பெட்டியை அரசு கட்டாயமாக்கியது. விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்டு வாங்கியது அது.

சூடு தாங்கும் ஆப்பிளே கிடையாதா?

உண்டு. கோடையில் தகிக்கும் அதே பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி, குறைந்த குளிரே போதுமான ரகத்தை உருவாக்கினார். எச்ஆர்எம்என்-99 என்று பெயர். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மேல்மலைப் பழம் சந்தைக்கு வருமுன்னே, ஜூனிலேயே இதைப் பறித்துவிடலாம்.