முதலில் கிணற்றை அளந்துபாருங்கள், பிறகு காசு கேட்கலாம்

தம்பி, கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போது திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்கத்து வில்லுகளில், அதாவது ஆற்றோரத் தாழ்நிலக் குளங்களில், அரிய மீன்கள் என்னாகின்றன என்று ஆராயக் கேட்ட நிதி, "தரவு போதாது" என்று திரும்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மனம் விடவேண்டாம். ஒரு கோடைக்காவது அளந்துகொண்டு திரும்பக் கேளுங்கள்.

பக்கத்துத் தோட்டக் கிணறுகள் நாலைந்து போதும். கிணற்றுக்கட்டில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். எப்போதும் அங்கிருந்தே அளவு. டேப்பின் நுனிப்பக்கம் சோக் பூசி, கனம் கட்டி இறக்கினால் நனைந்த இடம் நிறம் மாறியிருக்கும். விடியப்புறம், மோட்டர் போடமுதல் அளக்கவேண்டும். நான் ஒருமுறை பத்து மணிக்குப் போய், வெங்காயத்துக்கு இறைத்து முடிந்த கிணற்றை அளந்து ஒரு மாதக் கணக்கையே கெடுத்தேன். அதே நாளில் வில்லின் ஆழத்தையும் குறியுங்கள்.

விண்ணப்பத்தில் அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள டெவில்ஸ் ஹோல் என்ற நீர்க்குழியைச் சொல்லலாம். நிலத்தடி நீரை இறைத்ததால் அங்குள்ள பப்ஃபிஷ் என்ற சிறு மீன் முட்டையிடும் பாறைத்தட்டு வெளியே தெரியத் தொடங்கியது. 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இறைப்பைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அது பாலைவனக் குழி, நமது வில்லு ஆற்று வெள்ளத்தாலும் நிரம்புவது. அந்த வேறுபாட்டை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

சரி, காசு. ரஃபோர்ட் அறக்கட்டளையின் சிறு நிதியை முதலில் பாருங்கள். முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதி 25,000 டொலர் வரை தரும்; எந்த மீன் இனம் என்று பெயரோடு கேட்கவேண்டும். அப்புறம், வலை போடமுதல் வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும். அது சுணங்கும், இப்பவே எழுதிப் போடுங்கள்.