மிரர்லெஸ்ஸா, பாக்கெட் காம்பாக்ட்டா? லென்ஸைப் பார்த்து முடிவெடுங்கள்

வாசகர் கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். மகள் பரதநாட்டியம் கற்கிறாள்; வருடத்துக்கு நாலைந்து மேடை கிடைக்கிறது. விடுமுறையில் கோயில், மலை என்று சுற்றுவோம். செல்பேசியில் எடுத்தால் மேடைப் படங்களில் முகம் வெளுத்து, கை கால் கலங்கி வருகின்றன. ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர், லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவை இரண்டு லென்ஸோடு வரும் செட்டாக எடுக்கச் சொல்கிறார். தம்பியோ, பாக்கெட்டில் போடும் நல்ல காம்பாக்ட் போதும் என்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: மேடைக்கென்று தனியாக ஒரு லென்ஸ் வாங்குவீர்கள் என்றால் மிரர்லெஸ் எடுங்கள். கூட வரும் கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் உங்கள் தம்பி சொல்வதே சரி. கடைக்காரர் சொல்லும் இரட்டை லென்ஸ் செட் மட்டும் வேண்டாம். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தேறுமா தேறாதா என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: படம் பதியும் சென்சாரின் பரப்பு, லென்ஸில் ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சர். கேனான் ஆர்50 போன்ற தொடக்கநிலை மிரர்லெஸ்ஸில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், 22.3 × 14.9 மி.மீ. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3 போன்ற உயர்தரக் காம்பாக்ட்டுகளில் இருப்பது 'ஒரு இன்ச்' என்று சொல்லப்படும் சென்சார், 13.2 × 8.8 மி.மீ. பெயரில்தான் இன்ச், அளந்தால் அவ்வளவு வராது. பரப்பில் ஏபிஎஸ்-சி ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிது. இதை மட்டும் சொல்லித்தான் மிரர்லெஸ்ஸை விற்கிறார்கள்.

அப்பர்ச்சர் கதை நேர் எதிர். எஃப் எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது. எண் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஆர்50 உடன் வரும் 18-45 கிட் லென்ஸ், 45 மி.மீ.க்கு ஜூம் செய்ததும் எஃப் 6.3க்கு இறங்கிவிடுகிறது. ஜி7எக்ஸ் மார்க் 3 முழு ஜூமிலும் எஃப் 2.8. எஃப் 6.3ஐ விட எஃப் 2.8 ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சென்சாரில் மூன்று மடங்கு பின்தங்கினாலும் லென்ஸில் ஐந்து மடங்கு முந்துவதால், ஜூம் செய்த நிலையில் அந்தக் காம்பாக்ட்டே ஒன்றே முக்கால் மடங்கு கூடுதல் வெளிச்சம் சேர்க்கிறது. பெரிய கேமரா வாங்கியும் இரவுப் படங்கள் ஏன் இப்படி வருகின்றன என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இனி உங்கள் மகளின் மேடைக்கு வருவோம். அரைமண்டியில் நிலைத்து நிற்கும் கணத்துக்கும் பதம் என்ற நிதானமான உருப்படியில் வரும் அபிநயத்துக்கும் ஷட்டர் வேகம் 1/125 நொடி போதும். அடவுகளுக்கு 1/250 வேண்டும். தீர்மானம் என்ற வேகமான அடவுக் கோவையில் கை வீச்சும் தட்டும் வேகமெடுக்கும்போது 1/500க்குப் போனால்தான் விரல்கள் தெளிவாக நிற்கும். ஓரளவு நல்ல விளக்குள்ள சபா மேடையில் எஃப் 1.8, 1/250 வைத்தால் சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800 முதல் 1600க்குள் முடிந்துவிடும். அதே மேடை, அதே ஷட்டர், லென்ஸ் மட்டும் எஃப் 6.3 என்றால் ஐஎஸ்ஓ 10,000 முதல் 20,000 வரை ஏறும். முகத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல், பட்டுச் சேலையின் ஜரிகை கரைந்த மாதிரி ஒரு தோற்றம். படத்தைக் கெடுப்பது அந்தப் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்.

இரட்டை லென்ஸ் செட்டில் வரும் 55-210 லென்ஸ் தொடக்கத்திலேயே எஃப் 5, முழு ஜூமில் எஃப் 7.1. மைதானத்தில், பகலில், பறவை பார்க்கப் போகும்போது நன்றாகவே உதவும். மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும் நாட்டிய நிகழ்ச்சிக்கு அதை எடுத்துப் போனால் செல்பேசியில் பட்ட அதே ஏமாற்றம்தான். அந்த லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு பிரைம் லென்ஸில் போடுங்கள். பிரைம் என்றால் ஜூம் இல்லாதது. நகர வேண்டியது நீங்கள்தான். பதிலுக்கு எஃப் 1.8, எஃப் 2 என்று அகலத் திறக்கும்.

எந்த பிரைம்? அது நீங்கள் உட்காரும் வரிசையைப் பொறுத்தது. கணக்கு எளிது: சென்சாரின் நீளப்பக்கத்தை மேடைக்குள்ள தூரத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ.யால் வகுத்தால் படத்தில் எத்தனை மீட்டர் அடங்கும் என்று கிடைக்கும். ஆடுபவரின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட 2.2 மீட்டர் வேண்டும். கேமராவை நெட்டையாகப் பிடித்து, 50 மி.மீ. லென்ஸோடு 5 மீட்டரில் இருந்தால் சரியாக 2.2 மீட்டர். அதாவது முதல் இரண்டு மூன்று வரிசை. பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதே 50 மி.மீ.யில் 4.5 மீட்டர் வந்துவிடும். மகள் படத்தின் பாதி உயரம்தான் இருப்பாள். அங்கே 85 மி.மீ. வேண்டும், 2.6 மீட்டர் அடங்கும். குழு நடனம் என்றால் நேர்மாறு: பத்து மீட்டரிலிருந்து 50 மி.மீ.யை அகலவாக்கில் பிடித்தால் நாலைந்து பேர் வரிசையாக அடங்குவார்கள்.

கேனானின் ஆர்எஃப் 50 எஃப் 1.8 பிரைம் விலை குறைவானது, 160 கிராம்தான் எடை. பாடி, 18-45 கிட், இந்த 50 மூன்றும் சேர்ந்து வழக்கமாக உங்கள் ஒரு லட்சத்துக்குள் அடங்கும். வாங்கும் நாளின் விலையை மட்டும் இரண்டு கடைகளில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்வரிசையில்தான் எப்போதும் இடம் கிடைக்கிறது என்றால் ஆர்எஃப் 85 எஃப் 2 எடுக்கலாம். ஆனால் அது அரை கிலோ, விலையும் கூடுதல். மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோ லென்ஸாகவும் இருப்பதால் ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் ஓடும். லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சை 0.5 மீட்டர் முதல் முடிவிலி வரை என்ற நிலையில் வைத்தால் அந்த ஓட்டம் குறையும். இன்னொரு வழி, பழைய டிஎஸ்எல்ஆர் காலத்து இஎஃப் 85 எஃப் 1.8 லென்ஸைப் பயன்படுத்தியதாக வாங்கி, அதைப் புதிய கேமராவில் பொருத்தும் கேனானின் அடாப்டரைப் போடுவது. ஆட்டோஃபோகஸ் முழுதாக வேலை செய்யும். முழுதாகத் திறந்தால் நகை மினுக்கும் ஓரங்களில் ஊதா நிறம் கசியும், எஃப் 2.5க்கு மூடினால் பெருமளவு அடங்கிவிடும். நிக்கான் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள் அவர்களின் எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டும், ஆனால் ஆட்டோஃபோகஸ் ஓடாது.

முகம் வெளுப்பதற்குக் காரணம் வேறு. மேடையின் பின்னணி கறுப்புத் திரை. மொத்தக் காட்சியும் இருட்டு என்று கேமரா நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஒளிவட்டத்துக்குள் நிற்கும் முகம் வெந்துவிடுகிறது. கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7க்கும் மைனஸ் 1.3க்கும் நடுவில் வையுங்கள். ரா (RAW) என்ற, கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாகவும் சேமியுங்கள். சிவப்பு, நீல விளக்குகளில் நிறம் கெட்டால் பிறகு திருத்த முடியும். சத்தம் வரக் கூடாது என்று சைலன்ட் ஷட்டரைப் போட்டுவிடாதீர்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. அந்த நேரத்துக்குள் எல்இடி விளக்கு மினுங்கினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். இதில் காம்பாக்ட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: லென்ஸுக்குள்ளேயே இருக்கும் அதன் மெக்கானிக்கல் ஷட்டர் பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்காது.

வீடியோவும் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். வர்ணம் என்ற நீண்ட நாட்டிய உருப்படி அரை மணி நேரம் போகும். ஜி7எக்ஸ் மார்க் 3 நான்கு-கே வீடியோவைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடும். ஆர்எக்ஸ்100 மார்க் 7 சாதாரண அமைப்பில் ஐந்து நிமிடம். சூட்டு வரம்பை உயர்த்தி வைத்தால் இன்னும் போகும், கையில் பிடிக்கச் சுடும். ஆர்50 ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வரை பதிவாகும். வர்ணத்தின் நடுவில் கேமரா நின்றுபோவது திரும்ப எடுக்க முடியாத இழப்பு. உங்களுக்கு மிரர்லெஸ்ஸைச் சொல்ல இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம். மெனுவில் வீடியோ முறையை PAL என்று மாற்றி, 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகள் துடிக்காது.

பயணத்தில் கதை மாறுகிறது. ஆர்எக்ஸ்100 மார்க் 7 எடை 302 கிராம், தடிமன் 43 மி.மீ.; பேன்ட் பைக்குள் போய்விடும். ஆர்50உம் கிட் லென்ஸும் சேர்ந்து 505 கிராம். தோளில் ஒரு பை கட்டாயம். எடையைவிட முக்கியமானது அகலம். சென்சார் அளவு வேறுபடுவதால் முழு ஃபிரேம் (36 × 24 மி.மீ.) கணக்கில் ஒப்பிட்டால், காம்பாக்ட்டின் 24 மி.மீ. கோணத்துக்கு எதிரே ஆர்50 கிட் லென்ஸின் 18 மி.மீ., 29 மி.மீ. கோணம்தான் தரும்; எண் சிறிதானால் காட்சி அகலம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர். அடியிலிருந்து 30 மீட்டரில் நின்று கேமராவை நெட்டையாகப் பிடித்து மேல்நோக்கிச் சாய்த்தால் 24இல் கலசம் வரை அடங்கும். 29இல் உச்சி வெட்டுப்படும், இன்னும் எட்டு ஒன்பது மீட்டர் பின்வாங்க வேண்டும். தெருவில் அதற்கு இடம் இருக்காது, கூட்டம் இருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாடு வைக்க முடியாது. மண்டபத்து இருட்டில் கையால்தான் எடுக்க வேண்டும். ஆர்50 பாடியில் நடுக்கத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, 50 எஃப் 1.8 லென்ஸிலும் கிடையாது. ஷட்டரை 1/80க்குக் கீழே இறக்கினால் உங்கள் கை நடுக்கமே படத்தில் தெரியும். கிட் லென்ஸில் அது இருப்பதால் அசையாத தூண்களையும் சிற்பங்களையும் 1/10 அளவிலும் எடுத்துவிடலாம். உயர் நீதிமன்றம் 2022இல் இட்ட உத்தரவுக்குப் பிறகு பல கோயில்களில் செல்பேசிக்கே தடை; சிறிய கேமரா என்றால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணி வாங்க வேண்டாம். வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

உங்கள் மனம் காம்பாக்ட் பக்கமே சாய்ந்தால், 24-200 ஜூம் உள்ள ஆர்எக்ஸ்100 மார்க் 7ஐ விட 24-100 உள்ள ஜி7எக்ஸ் மார்க் 3 மேடைக்குப் பொருந்தும். முன்னது முழு ஜூமில் எஃப் 4.5 ஆகிவிடுகிறது. இரண்டாவது பேட்டரி கட்டாயம். ஒரு சார்ஜுக்கு 235, 260 படங்கள் என்பதே நிறுவனங்கள் தரும் கணக்கு. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு 48 மெகாபிக்ஸல் என்று விற்கும் பெயர் தெரியாத கேமராக்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் சின்னஞ்சிறு சென்சார் எடுத்த படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்குகிறது. உங்கள் செல்பேசியே அதைவிட நன்றாக எடுக்கும்.

பழுது என்று பார்த்தால் காம்பாக்ட்டுக்குத் தனி பயம் உண்டு. ஒவ்வொரு முறை லென்ஸ் நீண்டு சுருங்கும்போதும் காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கிறது. கடற்கரையில் ஒரு மணல் துகள் குழாய்க்குள் சிக்கினால் 'லென்ஸ் எரர்' என்று நின்றுவிடும். பெரும்பாலும் லென்ஸ் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள், அது சிறிய செலவில்லை. மிரர்லெஸ்ஸில் சென்சாரில் தூசி படிந்தால் லென்ஸைக் கழற்றி, பாடியைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதுகுழலால் நாலு முறை ஊதினால் பெரும்பாலும் விழுந்துவிடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டுக்கும் பொது எதிரி பூஞ்சை. துணிப்பையிலோ தோல் உறையிலோ அலமாரியில் வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே லென்ஸுக்குள் சிலந்திவலை போல் படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 200 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று. மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். ஜெல் பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் காய வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஏசி காரிலிருந்து வெயிலுக்கு இறங்கியதும் கேமராவை எடுக்காமல், பையை மூடியபடியே கால் மணி நேரம் விடுங்கள். லென்ஸில் ஆவி படியாது.

வாங்கப் போகும்போது உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். இந்திய வாரண்டி அட்டையும் சீரியல் எண் எழுதிய பில்லும் தராத கடையில், விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்காதீர்கள். பழுது வந்தால் இங்கே இலவசமாகப் பார்க்க மாட்டார்கள். கடையின் ஒளி குறைந்த மூலை ஒன்றைப் பார்த்து, மகளை அங்கே நிறுத்தி, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ என்று வைத்து, கிட் லென்ஸில் ஜூம் செய்து ஒன்று, 50 எஃப் 1.8இல் ஒன்று, காம்பாக்ட்டில் ஒன்று என எடுங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் மூன்றிலும் அவள் கண்ணிமையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பணத்தை மறுநாள் கொடுக்கலாம்.