35 வருடம் கழித்து வந்த 'பிளேட் ரன்னர் 2049' ஜெயித்ததா?

படமாக ஜெயித்தது, வசூலில் இல்லை என்பதே என் பதில். முதல் படம் வந்தது 1982-இல், ரிட்லி ஸ்காட் இயக்கத்தில். அதுவும் அப்போது தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை, பிறகுதான் கொண்டாடப்பட்டது. டெனி வில்னுவ் இயக்கிய இரண்டாம் பாகம் 2017-இல் வந்தது. (கதையின் முடிச்சு கீழே இருக்கிறது, பார்க்காதவர்கள் கவனிக்கவும்.)

தாமதமாக வரும் தொடர்ச்சிகள் பெரும்பாலும் பழைய காட்சிகளையே தூசி தட்டிக் காட்டும். இது அப்படிச் செய்யவில்லை. நாயகன் கே ஒரு செயற்கை மனிதன். அது படம் தொடங்கியதுமே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு செயற்கைப் பெண்ணின் வயிற்றில் பிறந்த அபூர்வக் குழந்தை தானேதான் என்று அவன் நம்பத் தொடங்குகிறான், நாமும் கூடவே நம்புகிறோம். அப்புறம் அது அவனில்லை என்று தெரிகிறது. அந்த நொடியில் ரயன் காஸ்லிங்கின் முகத்தைப் பாருங்கள். அழுகையே இல்லை, ஆனால் உள்ளுக்குள் எல்லாம் சரிந்துவிடுகிறது. 'தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகன்' கதையை இவ்வளவு துணிச்சலாகத் திருப்பிப் போட்ட பெரிய பட்ஜெட் படம் அரிது.

முதல் படத்தின் நாயகன் டெக்கார்ட் மனிதனா இல்லையா என்ற பழைய கேள்விக்கும் படம் பதில் சொல்வதில்லை. அவருடைய நாய் நிஜமா என்று கே கேட்க, அதையே கேட்டுக்கொள் என்கிறார். அவ்வளவுதான். ரசிகர்கள் வருடக்கணக்கில் விவாதித்ததை ஒரு வசனத்தில் மூடிவிடாமல் விட்டது எனக்கு மிகவும் பிடித்தது.

குறையும் உண்டு. 163 நிமிடம் நீளம்தான், செயற்கை மனிதர்களைத் தயாரிக்கும் முதலாளி வாலஸின் பிரசங்கங்கள் அலுப்பூட்டுகின்றன. ஆனால் ரோஜர் டீக்கின்ஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த ஒளிப்பதிவுக்காக, அந்த ஆரஞ்சுப் புழுதி மூடிய லாஸ் வேகஸுக்காக, இன்னொரு மணி நேரம்கூட உட்காருவேன்.