வரலாறு படிக்க நினைக்கும் மகளும் வரலாற்றாசிரியர்கள் வாசிக்கும் இதழும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் அமெரிக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கணினியியலை விட்டுவிட்டு வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுக்கப்போகிறேன், பிறகு பிஎச்.டி.யும் செய்வேன் என்கிறாள். அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். நீங்கள் இரவில் தூங்குவதில்லை. "இந்தப் படிப்பு சோறு போடுமா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் அது உங்கள் மகளுக்குச் செய்யும் அநியாயமாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு வந்த ஒரு மாணவனிடம் வேலைக் கணக்குகளை மட்டும் எடுத்துக்காட்டி "வேண்டாம்" என்றேன். அவன் என்ன மாதிரி ஆள் என்று கேட்கவே இல்லை. அந்தத் தவறு இன்னும் என்னை உறுத்துகிறது. அதனால் இப்போது வரலாறு என்று யார் வந்தாலும் முதலில் ஒரு வேலை கொடுக்கிறேன்: அந்தத் துறைக்காரர்கள் தங்களுக்குள் வாசிக்கும் இதழை எடுத்து மூன்று மாதம் படித்துப் பார்.

நான் சொல்வது ஆய்விதழை அல்ல. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 1884இல் தொடங்கியது. 1895 முதல் வரும் 'அமெரிக்கன் ஹிஸ்டாரிகல் ரிவ்யூ' கனமான ஆய்விதழ். ஆராய்ச்சிக் கட்டுரைகளும் நூல் மதிப்புரைகளும் அதில்தான் வரும். சங்கத்துக்கு இன்னொரு இதழும் உண்டு. 1962இல் செய்திமடலாகத் தொடங்கி, இப்போது 'பெர்ஸ்பெக்டிவ்ஸ் ஆன் ஹிஸ்டரி' என்ற பெயரில் வருகிறது. இந்த இரண்டாவது இதழில் வரலாற்றாசிரியர்கள் எதைத் தேடி வாசிக்கிறார்கள் என்று பார்த்தால் அந்தத் தொழிலின் உள்ளறை தெரிந்துவிடும்.

போர்களையும் அரசர்களையும் பற்றிப் படிக்க அவர்கள் அங்கே போவதில்லை. அவர்களுக்கு அந்த இதழில் வேண்டியது தொழிலின் அன்றாடம். முதலில், வேலை. எத்தனை பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன, எந்தக் காலத்துக்கு, எந்தப் பகுதியின் வரலாற்றுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று சங்கம் தொடர்ந்து கணக்கெடுத்து எழுதுகிறது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பேராசிரியர் பணியிடங்கள் விழுந்தன. பழைய உயரத்துக்கு அவை திரும்பவே இல்லை. மாணவர் எண்ணிக்கையும் சேர்ந்து இறங்கியது. 2018இல் அந்த இதழில் வந்த ஒரு கட்டுரை கொடுத்த கணக்கு இது: வரலாற்றை முதன்மைப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றவர்கள் 2008இல் 34,642 பேர், 2017இல் 24,266 பேர். ஒன்பதே ஆண்டுகளில் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் துறையே தன் இதழில் இதே பயத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறது.

அதே பக்கங்களில்தான் மறுபாதியும் இருக்கிறது. 2011 அக்டோபரில் சங்கத் தலைவர் ஆண்டனி கிராஃப்டனும் செயல் இயக்குநர் ஜேம்ஸ் கிராஸ்மனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். 'இனி பிளான் பி என்று ஒன்று வேண்டாம்' என்பது அதன் தலைப்பின் சாரம். பேராசிரியர் வேலை கிடைக்காதவர்கள்தான் வேறு வேலைக்குப் போவார்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவருவது தவறு, அந்த வேறு வேலைகளும் வரலாற்றாசிரியரின் வேலைகளே, பிஎச்.டி. பயிற்சியும் அதற்கேற்ப மாறவேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு சங்கம் பிஎச்.டி. முடித்த ஆயிரக்கணக்கானோர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தேடித் தொகுத்தது. கல்லூரி ஆசிரியர்களோடு அரசு அலுவலர்கள், அருங்காட்சியகத்தார், ஆவணக் காப்பாளர்கள், தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் என்று பலரும் அதில் உண்டு.

இந்த 'வேறு வேலை' என்பது வெறும் ஆறுதல் பேச்சு என்று அப்பா நினைக்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள்ளேயே வரலாற்றாசிரியர் அலுவலகம் ஒன்று இருக்கிறது. நாட்டின் வெளியுறவு ஆவணங்களை 1861 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவருகிறார்கள். ஒரு நிகழ்வு நடந்து 30 ஆண்டுக்குள் அதன் ஆவணங்கள் வெளிவரவேண்டும் என்று 1991இல் சட்டமே போட்டார்கள். இரகசியக் கோப்புகளைப் படித்து, எது வெளியே போகலாம் என்று மற்ற துறைகளோடு வாதாடி, அடிக்குறிப்பு எழுதி அச்சுக்கு அனுப்புவது அங்கே உள்ளவர்களின் வேலை. செனட் சபைக்கும் இராணுவத்துக்கும் தேசியப் பூங்காத் துறைக்கும்கூடத் தனி வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். இடங்கள் குறைவுதான், போட்டி கடுமைதான், அதை மறைக்கமாட்டேன்.

வேலைக்கு அடுத்து அவர்கள் விரும்பிப் படிப்பது வகுப்பறை விஷயம். இதை மகள் கவனித்துப் படிக்கட்டும். வரலாற்றாசிரியர் என்றால் பழைய ஏடுகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். கல்லூரியில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாரத்தின் பெரும்பகுதி கற்பிப்பதிலும் கட்டுரை திருத்துவதிலும் போகிறது. தேதிகளை மனப்பாடம் செய்து வந்த முதலாண்டுப் பிள்ளைக்கு ஒரு பழைய கடிதத்தைக் கொடுத்து 'இதை யார், யாருக்கு, ஏன் எழுதினார்?' என்று கேட்க வைப்பது எப்படி? மாணவர் கொடுத்த கட்டுரை அவர் எழுதியதா, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று தெரியாதபோது என்ன செய்வது? பள்ளிகளில் வரலாற்றுப் பாடம் எப்படி நடக்கிறது என்பதும் அவர்கள் கவலைதான். 2024இல் சங்கம் 9 மாநிலங்களில் அமெரிக்க வரலாறு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

ஆவணக் காப்பகப் பக்கங்களும் அப்படித்தான். எந்தக் காப்பகம் திறந்திருக்கிறது, படம் எடுக்க விடுவார்களா, எடுத்துவந்த ஆயிரக்கணக்கான படங்களை எப்படி அடுக்கிவைப்பது, பயணச் செலவுக்கு நல்கை எங்கே கேட்பது என்பதெல்லாம் வெளியாளுக்குச் சலிப்பாகத் தெரியும். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு அவைதான் உயிர். 2020இல் கொரோனா வந்து காப்பகங்கள் மூடியபோது ஆய்வேட்டின் நடுவில் இருந்தவர்கள் தவித்துப்போனார்கள்.

நூல் பதிப்பு விஷயத்தில் சண்டைகளும் அந்த இதழில் உண்டு. ஆய்வேடு இணையத்தில் இலவசமாகக் கிடைத்தால் அதையே நூலாக்கப் பதிப்பகம் முன்வராதோ என்று இளம் ஆய்வாளர்கள் பயந்தார்கள். அவர்கள் விரும்பினால் ஆறு ஆண்டுவரை அதை இணையத்தில் வெளியிடாமல் வைத்திருக்கப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கவேண்டும் என்று 2013இல் சங்கம் அறிவித்தது. உடனே பெரிய விவாதம் எழுந்தது. அறிவு எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும் என்பவர்களும், முதல் நூலை நம்பித்தானே என் நிரந்தர வேலை இருக்கிறது என்பவர்களும் மோதிக்கொண்டார்கள். உங்கள் மகள் அந்த இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு யார் பக்கம் நிற்கிறாள், ஏன் என்று உங்களிடம் சொல்லட்டும். அவளுக்கு இதில் கருத்தே எழவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

மறைந்த வரலாற்றாசிரியர்களைப் பற்றி இதழில் வரும் அஞ்சலிக் குறிப்புகளைத் தாண்டிப் போகவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு வரலாற்றாசிரியரின் முழு வாழ்க்கை இரண்டு பத்தியில் இருக்கும்: எத்தனை ஊர் மாறினார், முதல் நூலுக்கு எத்தனை ஆண்டானது, எந்த மாணவர்களை உருவாக்கினார். முப்பது குறிப்புகள் படித்தால், எந்தப் புள்ளிவிவரமும் தராத ஒரு தெளிவு வரும்.

இப்போது சோதனை. எந்தக் கட்டுரையைக் கடைசி வரி வரை படித்தாள், எதைப் பாதியில் விட்டாள் என்று அவளே குறித்துவைக்கட்டும். வகுப்பறைச் சிக்கலும் காப்பகத் தேடலும் அவளை இழுத்துப் பிடித்தால், தடுப்பதில் பயனில்லை, வழியை ஒழுங்குபடுத்துவோம். பழங்காலக் கதைகள் மட்டும் பிடித்து, இந்தப் பக்கங்கள் அலுப்புத் தட்டினால், வரலாறு அவளுக்கு ஆயுள் முழுக்கத் துணைவரும் வாசிப்பாக இருக்கட்டும். தொழிலை வேறு இடத்தில் தேடலாம். இதில் தோல்வி எதுவும் இல்லை, அதை அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

பிஎச்.டி. பற்றி நான் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் தராத இடத்தில் சேரவேண்டாம். ஆறேழு ஆண்டு போகும் படிப்பு அது. கடன் வாங்கிப் படிக்கக்கூடியதல்ல. இளங்கலையில் புள்ளியியலையோ ஒரு அயல்மொழியையோ நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். கணினியியலில் இதுவரை படித்ததும் வீணாகாது. டிஜிட்டல் வழி செய்யும் வரலாற்று ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்று 2015இலேயே சங்கம் நெறிமுறை வகுத்திருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த வரலாற்று மாணவிக்கு அங்கே இடம் இருக்கிறது.

பழைய இதழ்கள் பல சங்கத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன; செலவில்லை. அவளோடு அப்பாவும் சில கட்டுரைகளைப் படிக்கட்டும், குறிப்பாக 2011இல் வந்ததை. முதன்மைப் பாடத்தை அறிவிக்கக் கல்லூரி தரும் கடைசித் தேதி என்ன என்று கேட்டு எழுதுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பாக, அவள் குறித்துவைத்த பட்டியலோடு நாம் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம்.